வலையில இருந்து வெளிய போன கடல்சிங்கம் பிழைச்சுதா? ஆக்லாந்து தீவுகள் கணவாய் இழுவலை பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

இழுவலை ஏறி வர்ற நேரம். கப்பலோட பின்பக்கச் சரிவு வழியா மடி, அதாவது வலையோட கடைசிப் பை, மெதுவா டெக்குக்கு இழுபடும், உள்ள டன் கணக்குல கணவாய் ஒண்ணு மேல ஒண்ணு அழுந்திக் கெடக்கும். மடியோட முடிச்சை அவுத்ததும் மொத்தமா கொட்டும். எப்பவாவது ஒரு தடவை அந்தக் குவியலுக்கு நடுவுல பெருசா ஒரு உடம்பு உருண்டு விழும். வெளிறின வயிறு, சாம்பல் கலந்த முதுகு, முகத்துல நீளமா மீசை. பெண் கடல்சிங்கம். காயம் பெருசா எதுவும் தெரியாது, ஏன்னா அது மூச்சு முட்டி செத்திருக்கும். கப்பல்ல அரசாங்கத்து அப்சர்வர் இருந்தா நேரம், இடம், ஆழம், ஆணா பெண்ணா, நீளம் எவ்வளவுன்னு ஒரு ஃபார்ம்ல எழுதுவார். அப்சர்வர் இல்லாத கப்பல்னா கேப்டனே ரிப்போர்ட் பண்ணணும். நியூசிலாந்துச் சட்டப்படி தெரியாம மாட்டிக்கிட்டது குற்றம் இல்ல, ஆனா சொல்லாம விட்டா குற்றம்.

இந்தக் கேஸ்ல எல்லாரும் முப்பது வருஷமா எண்ணினது அந்த உடம்புகளைத்தான். எனக்கு அதைவிட முக்கியமா படுறது டெக்குக்கே வராத உடம்புகள். வலைக்குள்ள போச்சு, வெளியவும் போயிடுச்சு, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கேஸோட பாதி வரலாறு, அதனாலதான் கடல் பாலூட்டிகளும் இழுவலையும்னு பேச்சு வந்தா நான் முதல்ல இதைப் படிக்கச் சொல்றேன்.

இடம் முதல்ல. ஆக்லாந்து தீவுகள்னா ஆக்லாந்து நகரம் இல்ல, அது வேற. இது தென் தீவுக்கும் தெற்க, சுமார் 465 கிலோமீட்டர் தள்ளி, ஆள் யாரும் குடியிருக்காத தீவுக் கூட்டம். காத்தும் மழையும் ஓயாத இடம். நியூசிலாந்துக் கடல்சிங்கத்துல பெரும்பங்கு இங்கதான் குட்டி போடுது, குறிப்பா டன்டாஸ்ங்கிற சின்னத் தீவுலயும் எண்டர்பி தீவோட மணல் கரையிலயும். உலகத்துல இருக்கிற கடல்சிங்க இனங்கள்லயே ரொம்பக் கொறஞ்ச எண்ணிக்கையில இருக்கிறதுல இதுவும் ஒண்ணு, எல்லாத்தையும் சேர்த்தாலும் பத்துப் பன்னெண்டாயிரம்தான் இருக்கும்னு கணக்கு. மாவோரி மக்கள் இதை ராபோகான்னு சொல்வாங்க. ஒரு காலத்துல நியூசிலாந்தோட பெரிய தீவுகள் ரெண்டுலயும் இருந்தது, வேட்டையாடி வேட்டையாடி கடைசியில இந்த மூலைக்கு ஒதுங்கினது.

அதே கடல்லதான் அம்புக் கணவாய் சேருது. தீவைச் சுத்தி இருக்கிற கண்டத்திட்டோட விளிம்புல, எழுபதுகளோட கடைசியில இருந்து பெரிய இழுவைக் கப்பல்கள் வர ஆரம்பிச்சுது. சீசன் பிப்ரவரியில சூடு பிடிச்சு மே வரைக்கும் போகும். கடல்சிங்கம் குட்டி போடுறது டிசம்பர், ஜனவரி. இந்த ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, எங்க இடிக்குதுன்னு உடனே தெரியும். குட்டி பொறந்து ஒண்ணு ரெண்டு மாசம்தான் ஆயிருக்கும், அம்மா கரையில ஒரு நாள் ரெண்டு நாள் பால் குடுத்துட்டு, அப்புறம் ரெண்டு மூணு நாள் கடலுக்குப் போய் இரை தேடிட்டு, திரும்ப வந்து தன் குட்டியைக் குரல் வச்சே கண்டுபிடிச்சு பால் குடுக்கும், இதே சுத்து மாசக்கணக்குல ஓடும். இரை தேடுற இடம் பக்கத்துலயும் இல்ல, கரையில இருந்து நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போற பெண்கள் நிறைய. 500 மீட்டருக்கும் கீழ முங்கின பதிவு இருக்கு, காது தெரியிற சீல் குடும்பத்துல இவ்வளவு ஆழம் போறது ரொம்ப அபூர்வம். மூச்சை அடக்கிக்கிட்டு அவ்வளவு கீழ போற மிருகத்துக்கு திரும்பி மேல வர்ற நேரம் ரொம்பக் கணக்கானது. அந்த நேரத்துல வலைக்குள்ள கணவாய் கூட்டமா இருக்கிறதைப் பாத்து உள்ள போயிடுது. போற வழி அகலமா இருக்கும், போகப் போக குறுகும், கப்பல் நிக்காம இழுத்துக்கிட்டே இருக்கும், இழுப்பு மணிக்கணக்குல நடக்கும். திரும்பி நீந்தி வாய் வழியா வெளிய வரத் தெரியாததுக்கு சில நிமிஷம்தான்.

செத்தது பெண்ணா இருந்தா கணக்கு ஒண்ணோட நிக்காது. கரையில குட்டி காத்துக்கிட்டு இருக்கும், வேற எந்த அம்மாவும் அதுக்குப் பால் குடுக்காதுன்னே சொல்லலாம், பட்டினியில போயிடும். அதுபோக இந்தப் பெண்கள் குட்டி போட்ட ஒரு வாரம் பத்து நாள்லயே திரும்ப இணை சேர்ந்திடும், அதனால வயித்துல அடுத்த வருஷத்துக்கான கரு இருக்கும். ஃபார்ம்ல எழுதுறது ஒரு வரி, போனது மூணு உசுரு.

தடுக்க என்னென்ன செஞ்சாங்க? 1982ல தீவுகளைச் சுத்தி 12 கடல் மைல் வரைக்கும் இழுவலை கூடாதுன்னாங்க, 1993ல அதைக் கடல் பாலூட்டிகளுக்கான சரணாலயமா அறிவிச்சாங்க, 2003ல அதே பரப்பு கடல் காப்பகமும் ஆச்சு. நல்லதுதான், கரைக்குப் பக்கத்துல கப்பல் வராது. ஆனா அம்மாக்கள் சாப்பிடப் போறது 12 மைலுக்கு வெளிய, கணவாய் நிறைய சேர்ற இடமும் வெளியதான். அதனால 1992ல இருந்து இன்னொரு வழி: ஒரு சீசனுக்கு இத்தனை கடல்சிங்கம் வரைக்கும் சாகலாம், அதைத் தாண்டினா அந்தப் பகுதியில மீன்பிடிப்பை மூடு. தொண்ணூறுகளோட நடுவுல சில வருஷம் செத்ததோட மதிப்பீடு நூறைத் தாண்டினது, பல சீசன் பாதியிலயே மூடவும் மூடினாங்க. மூடினா கம்பெனிக்குப் பெரிய நஷ்டம், அதனால சண்டையும் பெருசாச்சு. 2004ல அமைச்சர் வச்ச 62ங்கிற வரம்பை எதிர்த்து கணவாய்த் தொழில்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க, மேல்முறையீட்டு நீதிமன்றத்துல அது 124 ஆச்சு. ஒரு மிருகம் எத்தனை சாகலாம்னு நீதிமன்றத்துல வாதாடி எண்ணை ரெட்டிப்பாக்கினாங்கங்கிறதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மனசு ஒப்பல.

இப்ப கருவிக்கு வர்றேன். 2000-01 சீசன் வாக்குல ஆரம்பிச்சு, 2004-05 வாக்குல கிட்டத்தட்ட எல்லாக் கப்பலும் போட்டது இது. ஆமைகளுக்காக இறால் வலையில வைக்கிற விலக்கு சாதனம் தெரியும்ல, அதே யோசனைதான், கடல்சிங்கத்துக்காக மாத்தினது. ஸ்லெட்னு சுருக்கமா சொல்வாங்க. வலையோட நீளமான குழாய்ப் பகுதியில, மடிக்குக் கொஞ்சம் முன்னாடி, ஸ்டீல் கம்பிச் சட்டம் ஒண்ணைச் சாய்வா கட்டியிருப்பாங்க, வலையைச் சுத்துற உருளையில மடங்கிப் போகணுமேன்னு அதைத் துண்டு துண்டா கீல் வச்சுச் சேர்த்திருப்பாங்க. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 23 சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. கணவாய் அந்த இடைவெளியில நுழைஞ்சு மடிக்குப் போயிடும், கடல்சிங்கம் போக முடியாது, கம்பியில முட்டும், சாய்வுக்குத் தக்க மேல நழுவும். மேல வலையில ஒரு ஓட்டை வெட்டி விட்டிருப்பாங்க. அந்த ஓட்டைக்கு மேல வலைத்துணியில ஒரு முக்காடு, அதோட வாய் கப்பல் இருக்கிற பக்கமா, அதாவது முன்பக்கமா திறந்திருக்கும், அது படுத்துடாம இருக்க மிதவைகளும் தண்ணி ஓட்டத்துல விரியிற ஒரு துணியும் வச்சிருப்பாங்க. உசுரோட இருக்கிற மிருகம் மேல ஏறி, முன்னால திரும்பி, எதிர் ஓட்டத்துல நீந்தி வெளிய போகணும்.

கருவி வந்ததும் டெக்குல ஏறுற உடம்பு மளமளன்னு கொறைஞ்சுது. இங்கதான் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்னிருக்கணும். கொறைஞ்சது சாவா, இல்ல டெக்குக்கு வர்ற சாவா? மயங்கினதோ செத்ததோ அந்த ஓட்டை வழியா நழுவி ஆழத்துல விழுந்துட்டா ஃபார்ம்ல வராது. முட்டினதுல மண்டையில அடிபட்டு, வெளிய போய், மேல வர்றதுக்குள்ள செத்தாலும் வராது. அங்க இருக்கிற கடல் உயிரியல் ஆய்வாளர்கள் பலர் இதைத்தான் திரும்பத் திரும்ப கேட்டாங்க. தொழில்காரங்க பக்கம், பாருங்க எண்ணிக்கை விழுந்துடுச்சுன்னாங்க. ரெண்டு பேரும் பேசினது ஒரே எண்ணைப் பத்தி, ஆளுக்கு ஒரு அர்த்தம்.

அரசாங்கத்துக்கு இன்னொரு தலைவலி. சீசன் நடக்கும்போதே எத்தனை செத்ததுன்னு சரியா தெரியாது, ஏன்னா அந்தக் காலத்துல எல்லாக் கப்பல்லயும் அப்சர்வர் இல்ல. அதனால நூறு இழுப்புக்கு இத்தனை மாட்டும்னு ஒரு விகிதத்தை முன்கூட்டியே வச்சு, சாவு வரம்பை இழுப்பு வரம்பா மாத்தினாங்க. புரியணும்னு நான் ஒரு உருண்டை எண் போட்டுக் காட்டுறேன், இது அவங்க எண் இல்ல. நூறு இழுப்புக்கு 6 மாட்டும், வரம்பு 60ன்னு வச்சுக்குங்க, அப்ப 1000 இழுப்பு போடலாம். இப்ப கருவி வச்ச கப்பலுக்கு அஞ்சுல நாலு தப்பிச்சுடும், அதாவது 80 சதவீதம் தள்ளுபடின்னு ஒத்துக்கிட்டா, அதே 60ஐ வச்சு 5000 இழுப்பு போடலாம். 20 சதவீதம் தள்ளுபடின்னா 1250 இழுப்புதான். கடல்ல ஒரு மிருகம் கூட மாறல, வலையில ஒரு கண்ணி கூட மாறல, காகிதத்துல ஒரு சதவீதம் மாறினா மீன்பிடிப்பு நாலு மடங்கு ஆகுது. நிஜத்துல அந்தத் தள்ளுபடி 20ல ஆரம்பிச்சு, 35 ஆகி, 2012ல 82 சதவீதமா உயர்ந்தது. அப்ப வச்ச சாவு வரம்பு 68.

அதுலயும் ஒரு முடிச்சு இருக்கு, இதை ரொம்பப் பேர் கவனிக்கிறது இல்ல. நூறு இழுப்புக்கு எத்தனை மாட்டும்ங்கிறது கருவி இல்லாத வலையில எண்ணின பழைய எண். எல்லாக் கப்பலும் கருவி போட்ட பிறகு, கருவி இல்லாம எத்தனை மாட்டியிருக்கும்னு யாரும் நேர்ல பாக்கவே முடியாது. அதனால பழைய விகிதத்தையே வருஷா வருஷம் இழுத்துக்கிட்டு வந்தாங்க. கடல்சிங்கம் எண்ணிக்கை விழுந்துக்கிட்டு இருந்த காலத்துலயும் அதே விகிதம். ஒரு கருவி நல்லா வேலை செஞ்சா, அது எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு அளக்கிற வழியையே அது அடைச்சிடுது. இதுல யாரோட கெட்ட எண்ணமும் இல்ல. ஆனா அப்படி ஒரு எண்ணை வச்சு 35ஐ 82 ஆக்குறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிக்கணும்ங்கிறது என் கருத்து.

சரி, 82க்கு என்ன ஆதாரம் தேடினாங்க? நேர்மையா சொன்னா நல்லாவே உழைச்சிருக்காங்க. ஆரம்ப சோதனைகள்ல ஓட்டைக்கு மேல இன்னொரு வலையை மூடி கட்டி, வெளிய போறதைப் பிடிச்சு வச்சுப் பாத்தாங்க, உள்ள கேமராவும் வச்சாங்க. அப்படிக் கிடைச்ச உடம்புகளையும் மடியில வந்த உடம்புகளையும் கப்பல்லயே உறைய வச்சு, கரைக்குக் கொண்டு வந்து, உருக வச்சு, கால்நடை நோயியல் ஆளுங்க அறுத்துப் பாத்தாங்க. தலையிலயும் கழுத்துலயும் ரத்தம் கட்டின மாதிரி இருந்தது. கம்பியில முட்டித்தான் அடிபட்டிருக்கு, வெளிய போனதும் இதே அடியோடதான் போயிருக்கும்னு கவலை பெருசாச்சு. நானும் அந்தக் கட்டத்தைப் படிச்சப்போ கருவியையே நம்பல.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. உடம்பை உறைய வச்சு உருக வச்சாலே ரத்தம் கசிஞ்சு திசுக்குள்ள இறங்கும், பாக்க அடிபட்ட கன்னிப்பு மாதிரியே இருக்கும். உறைய வச்ச பிறகு வர்ற கறையை, முட்டி வந்த அடின்னு படிச்சிருக்காங்க. அடியே படலன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது, ஆனா அந்தக் கறையை வச்சு அடின்னும் சொல்ல முடியாது. பல வருஷம் ரெண்டு தரப்பும் சண்டை போட்ட ஆதாரத்துல ஒரு பெரும்பகுதி ஃப்ரீசர்ல உருவானதுன்னு ஆயிடுச்சு.

அதுக்கடுத்து பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல கார் மோதல் சோதனை பண்ற ஆய்வுக்கூடத்துல, நடந்து போறவங்க தலை கார் மேல மோதினா என்ன ஆகும்னு பாக்கிற அதே செயற்கைத் தலையை இந்த ஸ்டீல் சட்டத்து மேல பல வேகத்துல, பல இடத்துல மோத விட்டாங்க. கம்பியோட நடுவுல மோதினா ஒரு மாதிரி வளையும், ஓரத்துல மோதினா வேற மாதிரி. அந்த அளவை மனுஷ மூளையில இருந்து கடல்சிங்கத்து மூளை எடைக்கு மாத்தி, இதே குடும்பத்து ஃபர் சீல்கள் வலைக்குள்ள எந்த வேகத்துல சட்டத்துல முட்டுதுன்னு கேமராவுல பாத்ததோட சேர்த்து கணக்கு போட்டாங்க. நேருக்கு நேர் முழு வேகத்துல மோதினா ஆபத்து நிஜம்தான், ஆனா அப்படி மோதுறது குறைவு, மொத்தமா பாத்தா மூளை அதிர்ச்சி வர்ற வாய்ப்பு சில சதவீதம்தான்னு வந்தது. இதுதான் தள்ளுபடி உயர்ந்ததுக்குப் பெரிய காரணம்.

மூளை அதிர்ச்சி ஒண்ணு, மூச்சு இன்னொண்ணு. மோதல் சோதனை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லுச்சு. ஓட்டையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுத்துச்சு, வெளிய போனப்போ நுரையீரல்ல எவ்வளவு காத்து மிச்சம், மேல வர்றதுக்கு இன்னும் 200 மீட்டர் இருக்கே, அந்த 200 மீட்டரைக் கடந்துச்சாங்கிறதுக்கு செயற்கைத் தலை பதில் சொல்லாது. செத்த உடம்பு நழுவிடுமேங்கிற பயத்துக்கு முக்காட்டோட வடிவமே ஒரு பதில்: ஓட்டை மேல இருக்கு, வாய் முன்னால பாத்து இருக்கு, உசுரில்லாத உடம்பு தண்ணியில பெரும்பாலும் தாழும், ஓட்டத்துல பின்னால தள்ளப்படும், அதனால தானா மேலயும் முன்னாலயும் போறது கஷ்டம். எனக்கு இது நியாயமா படுது. ஆனா கப்பல் திரும்பும்போதும் வலையை ஏத்தும்போதும் வலை முறுக்கும், அப்ப மேல எது கீழ எதுன்னு சொல்ல முடியாதுங்கிற எதிர்வாதமும் நியாயம்தான்.

இன்னொரு பக்கம் தீவுல என்ன நடந்துக்கிட்டு இருந்தது? 1998ல ஆக்லாந்து தீவுகள்ல பொறந்த குட்டிகள் 3021. 2009ல 1501. பதினோரு வருஷத்துல பாதி. 2010ல நியூசிலாந்து இதை அழிவோட உச்சக்கட்டப் பட்டியல்ல சேர்த்தது. இழுவலைதான் காரணம்னு ஒரு பக்கம் சத்தம். நானும் அந்தப் பக்கம் சாய்ஞ்சவன்தான், ஆனா ஆதாரம் முழுசா அப்படிச் சொல்லல. 1998 ஜனவரியிலயே ஒரு கொள்ளை நோய் வந்து அந்த வருஷத்துக் குட்டியில பாதிக்கு மேல போச்சு, 2002லயும் 2003லயும் கிளெப்சியெல்லாங்கிற பாக்டீரியா வந்து குட்டிகளை வாரிக்கிட்டுப் போச்சு, அதுக்கப்புறமும் அது எண்டர்பியை விட்டுப் போகல. இரை பத்தாம அம்மாக்கள் மெலிஞ்சிருந்ததுக்கும், பால்ல கொழுப்பு கம்மியா இருந்ததுக்கும் ஆய்வுகள் இருக்கு. குட்டிகள் குழியில விழுந்து ஏற முடியாம சாகுறதும் உண்டு, அதுக்காக குழிகள்ல பலகை வச்சு ஏற வழி பண்ணியிருக்காங்க. ஆனா இதையெல்லாம் சொல்லி இழுவலையை விடுவிக்கிற பேச்சு வந்தா நான் ஒத்துக்க மாட்டேன். நோய் குட்டியைக் கொல்லும், வலை தாயைக் கொல்லும். மெதுவா இனம் பெருக்குற மிருகத்துல, வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடுற மிருகத்துல, வளர்ந்த பெண்ணோட சாவுக்கு இருக்கிற கனம் வேற. நோய் வந்த வருஷத்துலதான் தாய்களை இன்னும் கவனமா காப்பாத்தணும்.

பக்கத்துக் கேஸ் ஒண்ணும் சொல்லணும். இன்னும் தெற்க கேம்பெல் தீவுக்கிட்ட சதர்ன் ப்ளூ வைட்டிங்ங்கிற ஒரு குளிர்கடல் மீனுக்கு இழுவலை போடுவாங்க. அங்க மாட்டினது பெரும்பாலும் ஆண்கள், 2013ல திடீர்னு எண்ணிக்கை கூடினப்போ அங்கயும் இதே கருவியைக் கொண்டு வந்தாங்க. இந்தத் தடவை பத்து வருஷ வாதம் நடக்கல, சீக்கிரமே செஞ்சாங்க. முதல் கேஸ்ல பட்டது ரெண்டாவதுல உதவிச்சு.

இப்ப ஆக்லாந்து தீவுகள்ல கணவாய்க் கப்பல்ல பெரும்பாலான இழுப்புக்கு அப்சர்வர் இருக்காங்க, டெக்குல வர்ற உடம்பு விரல் விட்டு எண்ணுற அளவுக்கு வந்துடுச்சு. கருவியை, டெக்குக்கு வராத மறைமுகச் சாவோட சேர்த்துத்தான் கணக்குப் போடணும்ங்கிறதையும் இப்ப பொதுவா ஒத்துக்கிறாங்க. நான் பாக்கிறது இதைத்தான்: கருவி வேலை செய்யுது, நம்புறேன், ஆனா முக்காட்டு மிதவை ஒண்ணு பிஞ்சு வாய் மூடிக்கிட்டா அது கருவியே இல்ல, பொறி. மேல ஏறின மிருகத்துக்குப் போக வழி இருக்காது, கீழ திரும்பி வரவும் தெரியாது. அதனால ஒவ்வொரு இழுப்புக்கு முன்னாடியும் டெக்குல ஒருத்தர் குனிஞ்சு அந்த மிதவையைத் தொட்டுப் பாக்கிறதுல இருக்கு மொத்தமும், 82 சதவீதம்ங்கிறது அந்தக் கை தொட்டுப் பாத்த வலைக்கு மட்டும்தான் பொருந்தும்.

வலையில எத்தனை செத்துச்சுன்னு சொல்ற எண் எல்லாத்துலயும் ஏதாவது ஒரு அனுமானம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். இந்தக் கேஸ்ல நான் முதல்ல தேடிப் பாக்கிறது ஜனவரிக் கணக்கு. வருஷா வருஷம் ஒரு சின்னக் குழு டன்டாஸ்லயும் எண்டர்பியிலயும் இறங்கி, குட்டிகளைப் பிடிச்சு, தலை மயிர்ல சின்ன வட்ட மூடியைப் பசையால ஒட்டி விட்டுடுவாங்க. அப்புறம் கூட்டத்துல நடந்து, மூடி இருக்கிறது எத்தனை, இல்லாதது எத்தனைன்னு பல தடவை எண்ணி, மொத்தம் எத்தனை குட்டி பொறந்திருக்குன்னு கணக்கு எடுப்பாங்க. கொஞ்ச நாள்ல அந்த மூடி தானா விழுந்துடும். அதுக்குள்ள அம்மா கடலுக்குப் போயிருக்கும், பிப்ரவரி வந்திருக்கும், விளிம்புல கப்பல்களும் வந்திருக்கும்.